போத்தாக வந்த பூக்கள்

காகிதப்பூவுக்குத் தண்ணீர் கூடினால் இலைதான் மிஞ்சும். ஈழத்தலரிக்குத் தண்ணீர் கூடினால் இலைகூட மிஞ்சாது. நர்சரிகளில் இவற்றை விற்பவர்கள் சொல்லி அனுப்பும் பாடம் பெரும்பாலும் இந்த அளவில் நின்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் நாம் மறப்பதும் இதைத்தான். மல்லிகையும் துளசியும் வளர்த்துப் பழகிய கைக்குச் செடி என்றால் அன்றாடம் தண்ணீர் ஊற்றியாக வேண்டும்.

ஆனால் இவை இரண்டும் நம் ஊரில் பிறந்தவை அல்ல. காகிதப்பூ பிரேசில் பக்கத்துச் செடி. ஈழத்தலரியின் தாய்மண் மெக்சிகோ தொடங்கி வெனிசுவேலா வரை நீளும் வறண்ட காடுகள். இரண்டும் வந்த வழி வேறு, வந்த காலமும் வேறு. பிறந்த மண்ணின் கோடையை உடம்பில் சுமந்தபடியே கடல் தாண்டியதில்தான் இரண்டும் ஒன்று. எப்படி வந்து சேர்ந்தன என்று தெரிந்துகொண்டால், எப்படி வளர்ப்பது என்பதில் பாதி தெரிந்துவிடும்.

முந்தி வந்தது

பயணத்தில் மூத்தது ஈழத்தலரி. கள்ளிமந்தாரை என்றும் சொல்வார்கள்; புதிய நர்சரிகளில் ப்ளூமேரியா. பருத்த சாம்பல்நிறக் கிளைகள், ஒடித்தால் வடியும் பால், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த ஐந்து இதழ்கள், இருட்டியதும் கூடும் மணம். அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, எருக்கு ஆகியவற்றின் குடும்பம்தான் இதுவும். ஆனாலும் இந்த உறவினர் கூட்டத்துக்கு நடுவே கொலம்பசுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரையோரக் காடுகளில் ஆண்டுக்கு ஐந்தாறு மாதம் மழையே கிடையாது. அந்த மாதங்களில் இந்த மரம் இலைகளை உதிர்த்துவிட்டு, கிளைக்குள் சேர்த்துவைத்த நீரை நம்பி நிற்கும். மொட்டைக் கிளையின் நுனியில்தான் பூ வெடிக்கும். ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பே அங்கே இது பெரிய இடத்துப் பூ. லக்கண்டோன் மாயர்களின் படைப்புக் கதையில் தெய்வங்கள் பிறந்ததே இந்தப் பூவிலிருந்துதான். ஆஸ்டெக்குகளின் நவாட்டில் மொழியில் இதன் பெயர் காகலோசோச்சித்ல். 1552இல் மெக்சிகோவில் எழுதப்பட்ட, படியானுஸ் சுவடி என்று இன்று அறியப்படும் மூலிகை நூலில் இந்தப் பூ இடம்பெற்றிருக்கிறது.

1565இல் அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. 1815 வரை நீடித்த கடல்வழி அது. மெக்சிகோவின் வெள்ளி மேற்கே போனது. சீனப் பட்டும் பீங்கானும் கிழக்கே திரும்பின. மணிலா போய்ச் சேரவே மூன்று மாதம் பிடிக்கும். அந்தக் கப்பல்களின் வழியாக மெக்சிகோவின் செடிகள் பலவும் பிலிப்பைன்ஸில் இறங்கின. அவற்றில் ஒன்று இந்த மரம். அங்கே கலாச்சுச்சி என்ற பெயரில் தேவாலய வளாகங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் நிலைகொண்டது.

அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா முழுவதும் பரவியதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது: போன இடமெல்லாம் வழிபாட்டு இடத்திலோ கல்லறையிலோ வேர்விட்டது. மலாய் நிலத்தில் கம்போஜா என்ற பெயரோடு இடுகாட்டு மரமானது. பாலித் தீவில் அன்றாடப் படையல் தட்டில் இடம்பிடித்தது. லாவோஸில் தேசிய மலரே ஆகி, அந்நாட்டு விமான நிறுவனத்தின் சின்னத்திலும் ஏறிக்கொண்டது. இலங்கையில் விகாரைதோறும் இந்த மரத்தைப் பார்க்கலாம். புத்தர் முன் வைக்கும் பூக்களில் இதுவும் ஒன்று. கொழும்பில் பிரதமரின் அதிகாரபூர்வ இல்லமான அலரி மாளிகைக்குப் பெயர் கொடுத்ததும் இந்த மரம்தான்.

வெட்டிப் போட்ட பிறகும் இலையும் பூவும் விடுகிற மரத்தைச் சாவை வென்றதாக மக்கள் பார்த்ததில் வியப்பில்லை. கோவில்காரர்களுக்கும் கல்லறை காப்பவர்களுக்கும் பிடித்துப்போன அந்தக் குணம்தான் இதை மூன்று மாதக் கப்பல் பயணத்திலும் காப்பாற்றியது. இதற்கு மீண்டும் வருவோம்.

தாவரவியல் பெயர் மிகவும் பிந்தி வந்தது. மார்சேய் நகரத்தில் 1646இல் பிறந்த ஷார்ல் ப்ளூமியே ஒரு கிறிஸ்தவத் துறவி. 1689 தொடங்கி மூன்று முறை கரீபியன் தீவுகளுக்குச் சென்று செடிகளை வரைந்தவர். பிகோனியா, மக்னோலியா, ஃபூக்சியா என்ற பெயர்களை உருவாக்கியவரும் அவரே. 1704இல் பெரு நாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தபோது ஸ்பெயினில் காலமானார். பிறருடைய பெயர்களைச் செடிகளுக்குச் சூட்டியவருடைய பெயரை லின்னேயஸ் 1753இல் இந்த மரத்துக்கு உறுதிசெய்தார். அதற்குள் மரம் உலகின் பாதியைச் சுற்றி வந்திருந்தது.

ஹவாய்க்குப் போனது 1860இல். அங்கே மருத்துவராக இருந்த வில்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற ஜெர்மானியர் கொண்டுபோய் வைத்தார். கல்லறை மரமாக இருந்தது அங்கே விருந்தினர் கழுத்தில் விழும் மாலையானது. கரீபியனில் பிறந்து சிங்கப்பூரில் குடியேறிய, இலை உதிர்க்காத வெள்ளை இனமான ப்ளூமேரியா ஒப்டூசா 1931இல் ஹவாய் போய்ச் சேர்ந்தபோது அதற்குச் சிங்கப்பூர் என்றே பெயர் விழுந்தது.

பிந்தி வந்தது

காகிதப்பூவின் கதை தொடங்குவது 1767இன் நடுவில், ரியோ டி ஜெனீரோ துறைமுகத்தில். லூயி அந்துவான் த பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லா பூதெஸ், லெத்துவால் என்ற இரண்டு கப்பல்களுடன் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டிருந்தார். லெத்துவால் கப்பலில் இருந்த தாவரவியலாளர் ஃபிலிபெர் கொம்மெர்சோன். அவருடைய உதவியாள் ஜான் என்ற இளைஞன். உண்மையில் அந்த இளைஞன் ழான் பாரே என்ற பெண். பிரெஞ்சுப் படைக்கப்பல்களில் பெண்கள் பயணிக்கத் தடை இருந்ததால் ஆண் வேடத்தில் ஏறியவர்.

கொம்மெர்சோனின் காலில் ஆறாத புண். செடி அழுத்தும் பலகைகளையும் உணவையும் துப்பாக்கியையும் சுமந்து மேடேறியது பாரேதான். ரியோவில் காகிதப்பூக் கொடியைக் கண்டெடுத்ததில் பெரும்பங்கு அவருடையது என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள். பெயர் மட்டும் கப்பல் தலைவருக்குப் போனது. 1768இல் தஹித்தியில் பாரேயின் வேடம் கலைந்தது. கொம்மெர்சோன் 1773இல் மொரீஷியஸில் இறந்தார். தனித்து நின்ற பாரே சில ஆண்டுகளில் பிரான்சுக்குத் திரும்பி, உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்ற இடத்தைப் பெற்றார். 1785இல் பிரெஞ்சு அரசு அவருக்கு ஓய்வூதியம் அளித்தது. அவர் பெயரில் ஒரு செடி அமைய 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் கத்தரிக்காய்ப் பேரினத்தில் ஒரு காட்டுச் செடி.

அவர்கள் ரியோவில் இறங்கிய காலத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் மழை குறைந்த குளிர்காலம், பகலும் குறுகியது. காகிதப்பூ பூத்துக் குலுங்க அதற்கு வேண்டிய இரண்டும் அதுவே: கொஞ்சம் வறட்சி, நீண்ட இரவு. மழைக்காலத்தில் வந்திருந்தால் பச்சையாகக் கிடக்கும் ஒரு முட்கொடி என்று தாண்டிப் போயிருக்கவும் கூடும்.

ஆனால் பாரிஸ் போய்ச் சேர்ந்தது உயிருள்ள செடி அல்ல, தாளில் ஒட்டிய உலர்ந்த மாதிரி. அதைப் பார்த்து 1789இல் ஜுஸ்ஸியே பேரினத்தின் பெயரை வெளியிட்டார். 1799இல் வில்டெனோவ் ஸ்பெக்டபிலிஸ் இனத்தை விவரித்தார். கிளாப்ரா இனம் 1849இல் பெயர் பெற்றது. உயிருள்ள கொடி ஐரோப்பியக் கண்ணாடி வீடுகளில் நிலைத்து, அங்கிருந்து குடியேற்ற நாடுகளின் தோட்டங்களுக்குப் போக நூறாண்டு ஆனது. தோட்டக்கலை நூல்கள் தரும் கணக்குப்படி காகிதப்பூ இந்தியாவில் முதலில் இறங்கியது 1860இல், கல்கத்தாவில். ஈழத்தலரி ஹவாயில் இறங்கிய அதே ஆண்டு.

பயணத்தின் அடுத்த திருப்பம் 1910இல். திருமதி பட் என்ற பெண்மணி கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் ஒரு பாதிரியாரின் தோட்டத்தில் கருஞ்சிவப்பாகப் பூத்த கொடியைக் கண்டு டிரினிடாடுக்குக் கொண்டுவந்தார். கிளாப்ரா இனமும் பெருவியானா என்ற இன்னோர் இனமும் கலந்து பிறந்த கலப்பினம் அது. இன்று நாம் தெருவில் காணும் சிவப்பு, ஆரஞ்சு, தாமிர நிறங்களில் பெரும்பகுதி அந்தக் கலப்பின் வழிவந்தது. அதன் தாவரவியல் பெயரான பட்டியானாவில் அந்தப் பெண்மணியின் பெயர் இருக்கிறது.

காயத்துக்குக் கிடைத்த ஓய்வு

ஒன்று பதினாறாம் நூற்றாண்டிலேயே ஆசியக் கரை ஏறிவிட்டது. மற்றதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த இடைவெளிக்கு வணிக வழிகளும் காரணம், யார் யார் எங்கே ஆண்டார்கள் என்பதும் காரணம். ஆனால் செடிகளின் உடம்பிலும் ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு கத்தரிக்கோலும் இரண்டு கிளைகளும் போதும்.

ஈழத்தலரியின் நுனிக்கிளையில் ஒரு அடி, ஒன்றரை அடி நீளத்துக்கு வெட்டுங்கள். பால் வடியும். இலைகளை நறுக்கிவிட்டு நிழலில் கிடத்தினால், ஒன்று இரண்டு வாரத்தில் வெட்டுவாய் காய்ந்து கெட்டியான தோல் மூடிக்கொள்ளும். அதன் பிறகு நட்டால்தான் வேர் பிடிக்கும். வெட்டிய ஈரத்தோடு நட்டால் அடி அழுகும். நடாமல் வாரக்கணக்கில் போட்டுவைத்தாலும் கிளைக்குள் இருக்கும் நீர் அதைக் காப்பாற்றும். நல்ல பருத்த போத்து மாதக்கணக்கில்கூடத் தாங்கும்.

காகிதப்பூவில் பென்சில் தடிமனுள்ள முற்றிய குச்சியை அரையடிக்குமேல் வெட்டுங்கள். அதை ஒரு நாள் வெயிலில் விட்டாலே வீண். வெட்டிய கையோடு ஈரமான மணலிலோ தேங்காய் நார்க்கழிவிலோ ஊன்றி, நிழலில் வைத்து, காற்றில் ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வேர் ஊக்கி மருந்தில் நனைத்து நட்டால் நல்லது. பல அடுக்குப் பூ வகைகளும் இலையில் வெள்ளை, மஞ்சள் கலந்த வகைகளும் அப்போதும் பிகு செய்யும். அவற்றுக்குப் பதியன் போடுவதே நம்பிக்கையான வழி. வேர் பிடித்த பிறகும் அந்த வேர்கள் மெல்லியவை, எளிதில் அறுபவை. பையிலிருந்து எடுக்கும்போது மண்கட்டி உடைந்தால் செடி சுணங்கும்.

கப்பலில் இந்த வேறுபாடு என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஈழத்தலரிப் போத்தை மூட்டை கட்டி ஒரு மூலையில் போடலாம். குடிதண்ணீர் அளந்து கொடுக்கும் கப்பலில் அதற்கென்று ஒரு குவளையும் செலவில்லை. காகிதப்பூவுக்கோ தொட்டி வேண்டும், மண் வேண்டும், நன்னீர் வேண்டும், உப்புக்காற்றிலிருந்து மறைப்பு வேண்டும். லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு 1829இல் கண்டுபிடித்து 1833இல் சிட்னிக்கு அனுப்பிச் சோதித்த மூடிய கண்ணாடிப் பெட்டிதான் இப்படிப்பட்ட மென்மையான செடிகளுக்குக் கடலைத் திறந்துவிட்டது. தேயிலையும் சிங்கோனாவும் இடம்பெயர்ந்தது அந்தப் பெட்டிகளில். காகிதப்பூ உலகெங்கும் பரவியதும் அதே காலத்தில். துறவிகளும் மாலுமிகளும் போதும் என்று கிளம்பியது ஒன்று. தாவரவியல் பூங்காக்களும் கண்ணாடியும் நீராவிக் கப்பலும் வந்த பிறகு கிளம்பியது மற்றது.

நம் மழையும் அவற்றின் கோடையும்

இனி நம் முற்றத்துக்கு வருவோம். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிட்டு நின்றுவிடும். அதன் பிறகு ஐந்து மாதம் வறட்சி. இந்த இரண்டு செடிகளுக்கும் இதைவிட வசதியான நாட்காட்டி கிடையாது. மார்கழியில் பகல் குறுகி, தையில் மண் காயத் தொடங்கும்போது காகிதப்பூ நிறம் காட்டும். அதே நாட்களில் ஈழத்தலரி இலை கொட்டித் தூங்கும். பங்குனி வெயிலில் விழித்துப் பூக்கும். தோட்டக்காரர் செய்ய வேண்டியது இந்தக் கணக்கைக் குலைக்காமல் இருப்பது.

வெயிலில் இருவருக்கும் ஒரே பசி: நாளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில். அதற்குக் குறைந்தால் காகிதப்பூ கொடியாக ஓடும், ஈழத்தலரி கிளையை நீட்டிக்கொண்டு போகும். இரண்டிலும் பூ குறையும். மாடியும் தெற்குப் பார்த்த சுவரும் இவற்றுக்கு நல்ல இடம்.

மண்ணில் முதல் தேவை வடிகால். களிமண்ணாக இருந்தால் செம்மண், ஆற்று மணல், தொழு உரம் கலந்து மேடாக்கி நடுவது நல்லது. காகிதப்பூ சற்றுப் புளிப்புத்தன்மையுள்ள மண்ணை விரும்பும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் உப்புக் கலந்த போர்வெல் தண்ணீரிலும் இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. ஈழத்தலரி இந்த விஷயத்தில் அவ்வளவு பார்க்காது. தொட்டியில் வளர்ப்பதானால் காகிதப்பூவுக்குச் சிறிய தொட்டியே போதும். வேர் நெருங்கினால்தான் பூக்கும். ஈழத்தலரி மேல்கனமுள்ள செடி, தொட்டி அகலமாகவும் கனமாகவும் இல்லாவிட்டால் காற்றில் சாயும்.

தண்ணீரில்தான் இருவரும் பிரிகிறார்கள். காகிதப்பூவின் சேமிப்பு குறைவு. அது தண்ணீரைக் குடிக்கும், ஆனால் அடிக்கடி கேட்காது. மேல்மண் நன்றாகக் காய்ந்து, இலை லேசாகத் துவளும்வரை காத்திருந்து, பிறகு தொட்டியின் அடியில் வழியும்வரை ஊற்ற வேண்டும். தினமும் ஒரு குவளை என்பது அதற்குத் தண்டனை. ஈழத்தலரியின் சேமிப்பு கிளையில் இருக்கிறது. இலையோடு இருக்கும் கோடையில் வாரம் ஒன்றிரண்டு முறை போதும்; இலை உதிர்ந்த மாதங்களில் தண்ணீரை நிறுத்திவிடலாம். இலை இல்லாத மரத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஊற்றும் தண்ணீரால்தான் வீடுகளில் பெரும்பாலான ஈழத்தலரிகள் சாகின்றன. கிளையை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தூக்கம், கொழகொழவென்று இருந்தால் அழுகல். அழுகிய பகுதியை வெள்ளைத் தண்டு தெரியும்வரை வெட்டி, காயவைத்து, மறுபடி நட்டால் மரம் பிழைக்கும்.

காகிதப்பூவுக்கு ஏன் இந்தத் தாகம் தேவை என்பதற்கு 1960களில் கலிஃபோர்னியாவில் ஹேக்கெட், சாக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனைகள் விடை தந்தன. இலைக்கக்கத்தில் பிறக்கும் மொட்டு முள்ளாகவும் மாறலாம், பூங்கொத்தாகவும் மாறலாம். இரண்டும் ஒரே உறுப்பின் இரண்டு வாய்ப்புகள். கிளை வேகமாக ஓடி வளரும்போது மொட்டு முள்ளாகிறது. வளர்ச்சி தணிந்து, இரவு நீளும்போது பூவாகிறது. தண்ணீரையும் யூரியாவையும் அள்ளிக் கொடுத்தவருக்கு நீண்ட பச்சைக் கொடியும் கூரான முள்ளும் கிடைப்பது இதனால்தான். தழைச்சத்து இருவருக்குமே குறைவாக வேண்டும். மழைக்கு முன் ஒரு முறை மண்புழு உரம், பூக்கும் முன் சாம்பல்சத்து மிகுந்த உரம் கொஞ்சம். அதற்கு மேல் தேவைப்படாது.

கவாத்திலும் இருவருக்கும் நேர்எதிர் விதி. காகிதப்பூ புதுத்தளிரில் பூக்கும். ஆகவே ஒவ்வொரு பூப்பு முடிந்ததும், குறிப்பாகக் கோடைப்பூ ஓய்ந்த ஆனி, ஆடியில், தாராளமாக வெட்டலாம். வெட்ட வெட்டக் கிளை பெருகும், கிளை பெருகினால் பூ பெருகும். ஈழத்தலரியோ கிளைநுனியில் பூக்கும். பூத்து முடித்த நுனி தானாகவே இரண்டு மூன்றாகப் பிரியும். நுனியை வெட்டினால் அடுத்த பருவத்தின் பூவையும் சேர்த்து வெட்டுகிறீர்கள். உயரத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் இலை உதிர்ந்திருக்கும் நாட்களில் வெட்டி, வெட்டியதைப் போத்தாக்கிக்கொள்ளலாம். அதன் பால் கண்ணிலோ தோலிலோ பட்டால் எரியும், கையுறை போட்டுக்கொள்வது நல்லது. காகிதப்பூவுக்கும் கையுறை வேண்டும், அது முள்ளுக்காக.

எந்த வகையை வாங்குவது என்பதற்கும் இந்தப் பயணக்கதை உதவும். தொட்டிக்கும் சிறிய மாடிக்கும் கிளாப்ரா வழி வந்தவை ஏற்றவை: இலை வழவழப்பு, முள் சிறிது, பூ அடிக்கடி. மதிலையும் கம்பிவேலியையும் மூட ஸ்பெக்டபிலிஸ்: இலையில் ரோமம், முள் பெரிது, வறட்சிக்குப் பின் ஒரேயடியாகப் பூக்கும். ஈழத்தலரியில் மணம் வேண்டுவோர் ரூப்ரா இனத்து வகைகளைத் தேட வேண்டும். ஆண்டு முழுவதும் பச்சை வேண்டுவோருக்கு ஒப்டூசா. கரண்டி வடிவ இலையோடு கொத்துக்கொத்தாக வெள்ளைப்பூ தரும் புடிகா அண்மைக்கால வரவு. பூ ஓயாது, ஆனால் மணம் இல்லை.

நோயில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஈழத்தலரி இலையின் அடியில் மஞ்சள் பொடியாகப் படரும் துருநோய், மரத்தின் தாயகத்துப் பக்கமிருந்தே பின்தொடர்ந்து வந்தது. நோய் தாக்கி உதிர்ந்த இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்துவதும், மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிக்காமல் இருப்பதும் பாதிப் பாதுகாப்பு.

விட்டுவிட்டு வந்தவை

இரண்டு செடிகளும் இங்கே கொண்டுவராமல் விட்டுவிட்டவை உண்டு. ஈழத்தலரியின் இரவு மணம் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு. ஆனால் பூவில் தேன் கிடையாது. கோஸ்டாரிகாவில் ஆராய்ந்த வில்லியம் ஹேபர் 1984இல் இதை ஏமாற்று மகரந்தச் சேர்க்கை என்று விளக்கினார்: பூச்சி ஒவ்வொரு பூவாகத் தேடிப் போய், எதுவும் கிடைக்காமல், மகரந்தத்தை மட்டும் சுமந்து செல்கிறது. ஏமாறும் பூச்சி குறைந்த ஊரில் காய் அரிது. தப்பித்தவறி இரட்டைக் கொம்பாகக் காய்த்தாலும் அதன் இறகுள்ள விதைகள் தாயைப் போலவே பூக்கும் என்று சொல்ல முடியாது.

காகிதப்பூவில் நாம் பூ என்று பார்ப்பது மூன்று பூவடிச் செதில்கள், அதாவது நிறம் ஏறிய இலைகள். ஒவ்வொன்றின் நடுநரம்பிலும் ஒட்டியிருக்கும் வெண்ணிறக் குழல்தான் பூ. ரீங்காரச் சிட்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் நம்பிப் பிறந்த அமைப்பு அது. இங்கே ரீங்காரச் சிட்டு இல்லை; தோட்ட வகைகளில் பல காய்ப்பதும் இல்லை. செதிலின் நிறம் செம்பருத்தியிலும் ரோஜாவிலும் இருக்கும் நிறமியால் வருவதல்ல. பீட்ரூட்டிலும் செந்தண்டுக்கீரையிலும் உள்ள பீட்டாலைன். அந்திமந்தாரையும் மூக்கிரட்டைக் கீரையும் இதன் குடும்பத்தார்.

விதை அரிதானதால் இரண்டும் இங்கே பெரும்பாலும் மனிதக் கையால்தான் பெருகின. ஒரு போத்திலிருந்து மறு போத்து, அதிலிருந்து அடுத்தது. ஆகவே ஒரே வகைக் காகிதப்பூ ஆயிரம் வீட்டில் இருந்தாலும் அவை அத்தனையும் ஒரே செடியின் துண்டுகள். கலப்பு இல்லாமல் புதுமை வேண்டுமென்றால் கிளை தானாக நிறம் மாற வேண்டும். கல்கத்தாவில் திருமதி பட் வகையின் ஒரு கிளை அப்படி மாறி, வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஒரே செடியில் காட்டியது. மேரி பாமர் என்று பெயர் பெற்ற அந்தக் கிளையின் துண்டுகள் உலகெங்கும் போயின. லக்னோவின் தேசிய தாவரவியல் ஆய்வு நிறுவனத்தில் காமா கதிர் பாய்ச்சி இத்தகைய மாற்றங்களைத் தூண்டினார்கள். காகிதப்பூவின் புதிய வகைகளுக்கு உலக அளவில் பதிவு வழங்கும் பொறுப்பு டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தது. விருந்தாளியாக வந்த செடிக்கு இந்தியா பதிவாளர் ஆனது.

இரண்டு வழிகளும் ஒன்றாகச் சந்திக்கும் ஊர் புதுச்சேரி. பிரெஞ்சுக் கப்பல் கண்டெடுத்த கொடி அங்கே பிரெஞ்சுக் குடியிருப்பின் மஞ்சள் மதில்கள்மேல் படர்ந்திருக்கிறது. பிரெஞ்சுத் துறவியின் பெயர் கொண்ட மரமும் அந்த ஊரில் உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை மிர்ரா அல்ஃபாஸா மலர்களுக்குப் பொருள் வகுத்தபோது காகிதப்பூவுக்குப் பாதுகாப்பு என்றும், ஐந்து இதழுள்ள ஈழத்தலரிக்கு உளவியல் முழுமை என்றும் பொருள் கொடுத்தார். மதிலுக்கு முள்வேலியும் முற்றத்துக்கு மணமுமாக இரண்டையும் சேர்த்து வைக்கும் வீடுகளுக்கு அது தோட்டக்கலையாகவும் சரியாக வருகிறது.

ஆனால் இந்தக் கதையிலிருந்து எல்லா வெளிநாட்டுச் செடிக்கும் தண்ணீரைக் குறை என்று பாடம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே நர்சரியில் அடுத்த வரிசையில் இருக்கும் ஆந்தூரியமும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ஆனால் அது கொலம்பியா, ஈக்வடார் நாடுகளின் மழைக்காட்டுச் செடி. அதற்கு நிழல் வேண்டும், ஈரக்காற்று வேண்டும். மாடி வெயிலில் ஒரு வாரத்தில் கருகும். கண்டம் ஒன்று என்பதால் குணம் ஒன்றாகிவிடாது. செடி வாங்கும்போது எந்த நாட்டுச் செடி என்று கேட்பதைவிட, அது பிறந்த இடத்தில் மழை எத்தனை மாதம் நின்றுபோகும் என்று கேட்பது பயன் தரும். அந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் குழாயை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது தானே தெரிந்துவிடும்.